இலுப்பெண்ணெய் ஊற்றிய கியர்பாக்ஸ்

இரண்டாம் வகுப்பில் வாய்ப்பாடு நடந்துகொண்டிருந்தது. எட்டாம் வாய்ப்பாட்டில் பிள்ளைகள் பாதியிலேயே நின்றுவிட்டார்கள். நிமிர்ந்து பார்த்தால் அத்தனை தலையும் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தது.

ரோட்டில் எங்கள் கார் வந்துகொண்டிருந்தது. சத்தமே இல்லாமல் வந்தது. முன்னால் பக்கத்து வீட்டு ராக்காயி அக்காவின் மாடுகள் இரண்டும் நுகத்தடியோடு நடந்தன. நுகத்தடியிலிருந்து ஒரு வடக்கயிறு காரின் முன்பக்கத்துக்குப் போயிருந்தது. காருக்குள் என் வீட்டுக்காரர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, யாரையும் பார்க்காமல் நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மார்கழி மாதம். பத்து மணியாகியும் பனி முழுக்க விலகவில்லை. கறுப்புக் கார், வெள்ளை மாடுகள், செம்மண் ரோடு. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அது எனக்குக் கனவில் வருகிறது. கனவில் அந்தக் கார் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போவதே இல்லை. வந்துகொண்டே இருக்கிறது.

"டீச்சர், ஒங்க காரு மாடு கட்டி வருது" என்றாள் முன்வரிசையில் ஒருத்தி.

"தெரியுது. எட்டேழு எத்தனை?" என்றேன்.

குரல் சரியாகத்தான் வந்தது. சாக்பீஸ்தான் நழுவிக் கீழே விழுந்து இரண்டாக உடைந்தது. அந்தக் கார் ஏன் மாட்டுக்குப் பின்னால் வருகிறது என்பது எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. ஊரில் வேறு யாருக்கும் தெரியாது.

நாற்பது நாள் குடித்தனம்

என் வீட்டுக்காரர் பெயர் இன்னாசிமுத்து. ஆவூர்ப் பக்கத்துக்காரர். கல்யாணமாகி நாற்பதாம் நாள் மலேயாவுக்குக் கப்பல் ஏறியவர் ஐந்து வருஷம் கழித்துத்தான் திரும்பினார். அங்கே பினாங்கில் லாரி ஓட்டினார். நான் இங்கே மிஷன் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்பை ஓட்டினேன். நடுவில் ஒரு கட்டத்தில் அவர் முகம் எனக்குச் சரியாக ஞாபகம் வரவில்லை என்று சொன்னால் சிரிப்பீர்கள். உண்மை அதுதான். கடிதத்தில் வரும் கையெழுத்துதான் எனக்குப் புருஷன்.

திரும்பி வந்தவர் ஒரு தகரப் பெட்டியும் கைக்கடிகாரமும் கொண்டுவந்தார். மூன்றாம் மாதம் புதுக்கோட்டைக்குப் போய் ஒரு பழைய காரோடு வந்தார். சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். பெரிய வீட்டுக் கொட்டகைகளில் நின்ற சீமைக் கார்கள் ஒவ்வொன்றாகக் கைமாறிக்கொண்டிருந்த நேரம். எங்களிடம் வந்தது என் வயதை எட்டிப் பிடிக்கிற கார். பின்சீட்டில் முகத்தை வைத்தால் யாரோ ஒரு சீமாட்டி பூசியிருந்த அத்தர் லேசாக மணக்கும். பகலில் அவர் தூங்கும் நேரத்தில் நான் சும்மா போய் அந்தச் சீட்டில் உட்கார்ந்திருப்பேன். கண்ணை மூடினால் கார் ஓடுகிற மாதிரியே இருக்கும்.

வண்டியை வாடகைக்கு ஓட்டினார். விராலிமலைக்கு, திருச்சி ஜங்ஷனுக்கு, கல்யாணத்துக்கு, பிரசவத்துக்கு. வண்டி ஓடியது, நாங்களும் அதோடு ஓடினோம்.

அவரிடம் ஒரு காகிதமும் இருந்தது. மலேயாவுக்குத் திரும்பப் போகலாம் என்ற அனுமதிச் சீட்டு. அதற்கு ஒரு கெடு உண்டு. தை மாதம் பொங்கல் கழிந்து நாகப்பட்டினத்தில் கிளம்பும் கப்பலைத் தவறவிட்டால் அந்தக் காகிதம் பொட்டலம் கட்டத்தான் ஆகும். "திரும்பப் போறியாப்பா?" என்று யாராவது கேட்டால் "பாப்போம்" என்பார். எனக்கு அந்தப் "பாப்போம்" என்ற சொல்லே பிடிக்காமல் போனது.

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவர் போகக்கூடாது.

அதை வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். எங்கள் பக்கத்தில் அது முடியாது. கிளம்புகிற ஆளைப் பார்த்து "எங்கே போறீங்க" என்று கேட்டாலே திண்ணமாய்த் திட்டு விழும். கடல் தாண்டிப் போகிறவரைப் பார்த்து "போகாதீங்க" என்று வீட்டுப் பெண் சொல்லவே கூடாது. சொன்னால் போன இடத்தில் விளங்காது, அந்தச் சொல் கூடவே கப்பல் ஏறும் என்பார்கள்.

என் அப்பா முன்பு இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போனார். கிளம்பும்போது என் அம்மா வாசலில் நின்று "போகாதீங்க" என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டாள். அப்பா போனார். எட்டாம் மாதம் காய்ச்சலோடு எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார். அதன்பிறகு அவர் இருமிய ஒவ்வொரு இருமலுக்கும் சொந்தக்காரர்கள் அம்மாவின் வாயைத்தான் சொன்னார்கள். பதினோரு வருஷம் சொன்னார்கள். அதைக் கேட்டு வளர்ந்தவள் நான். அதனால் நான் வாயைக் கட்டிக்கொண்டு, அவருடைய காரின் கியர்பாக்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் கியரின் ஊளை

கியர்பாக்ஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கார் ஓட்டத் தெரியாதவர்கள் பயப்பட வேண்டாம், எனக்கும் அப்போது ஓட்டத் தெரியாது.

என்ஜின் ஒரு வேகத்தில் சுற்றும், சக்கரம் இன்னொரு வேகத்தில் உருளும். இரண்டுக்கும் நடுவில் நின்று சமாதானம் பேசுவது கியர்பாக்ஸ். ஒரு இரும்புப் பெட்டி, அதற்குள் பெரிதும் சிறிதுமாகப் பல் சக்கரங்கள். ஒன்றின் பல் இன்னொன்றின் இடுக்கில் விழுந்து சுற்றும். பெட்டியில் கெட்டியான கறுப்பு எண்ணெய் பாதிக்கு மேல் நிற்க வேண்டும். எண்ணெய் இல்லாவிட்டால் இரும்பு இரும்பைத் தின்னும்.

அந்தக் காலத்து வண்டியில் கியர் மாற்றுவது லேசான காரியமில்லை. கிளச்சை ஒரு தடவை மிதித்து, கியர் கம்பியை நடுவில் நிறுத்தி, காலை எடுத்து, என்ஜின் சத்தத்தைக் காதால் அளந்து, மறுபடி மிதித்துத் தள்ள வேண்டும். கொஞ்சம் முன்னேபின்னே ஆனால் கர்ரென்று பல்லைக் கடிக்கும். என் வீட்டுக்காரர் மாற்றினால் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி இறங்கும். அவர் இடது கை அந்தக் கம்பியின் மேல் இருப்பதைப் பார்த்துக்கொண்டே நான் எத்தனையோ மைல் போயிருக்கிறேன்.

ஆனால் மூன்றாம் கியர் மட்டும் ஊளையிடும். ஏற்றத்திலும் மணல் பாதையிலும் மூன்றாம் கியர் இல்லாமல் நடக்காது. எங்கள் ஊர் எல்லையில் ஒரு ஏற்றம், போனாலும் வந்தாலும் ஏறித்தான் இறங்க வேண்டும். அவர் வீட்டுக்கு வருவது எனக்கு அரை மைலுக்கு முன்பே கேட்கும். நீளமாக, சோகமாக, யாரையோ கூப்பிடுகிற மாதிரி. முதலில் அதைக் கேட்டால் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வந்துவிட்டார் என்று உலையில் அரிசியைப் போடுவேன்.

ஐப்பசியில் ஊளை அதிகமானது. அன்னவாசலில் இருந்து மெக்கானிக் காதர் பாய் பஸ்ஸில் வந்தார். பெட்டியைத் திறந்து பின்பக்கத்து பேரிங் ஒன்றை மாற்றி, புது எண்ணெய் ஊற்றினார்.

"இது ஒரு வைத்தியந்தான் டிரைவர். கீழ இருக்க பல்லு தேஞ்சு போச்சு. மாத்துறதுக்கு இதே வண்டியோட பல்லு கெடைக்கணும். அதுவரைக்கும் எண்ணெய் கொறையாம பாத்துக்கங்க" என்றார்.

எண்ணெய் பார்ப்பது என் வேலையானது. வாரம் ஒருநாள், ஞாயிற்றுக்கிழமை மாதாகோயில் பூசை முடிந்து வந்ததும், கால் வைக்கும் பலகையைத் தூக்கி, மூடியைத் திருகி, ஆள்காட்டி விரலை உள்ளே விடுவேன். இரண்டாம் கணு வரை நனைந்தால் போதும் என்பது கணக்கு. பின்பக்கத்துத் தோல் வளையம் பழசு, அதன் வழியாக எண்ணெய் சொட்டும். கீழே ஒரு தகர டப்பா வைத்துப் பிடித்து, பழைய வேட்டித்துணியில் வடிகட்டி மறுபடி ஊற்றுவோம். வடிகட்டிய துணியில் மினுமினுவென்று பொடிப்பொடியாக ஏதோ ஒட்டியிருக்கும். வெயிலில் காட்டினால் ஜிகினா மாதிரி ஜொலிக்கும். பல் தேய்ந்த தூள் அது என்று தெரிந்தும் நான் அதன் அழகையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் விராலிமலைச் சவாரி முடிந்து வந்தவர் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "இந்தச் சனியன் ஊளையக் கேக்குறதுக்குப் பினாங்குலயே இருந்திருக்கலாம்."

சலிப்பில் சொன்னதுதான். நான் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. அன்றைக்கு நான் ஒரு முடிவுக்கு வந்தேன். ஊளை இருந்தால் போய்விடுவார், ஊளை நின்றால் இங்கேயே நின்றுவிடுவார். இரண்டாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள் போட்ட கணக்கு இது.

இரண்டு பாட்டில்

கார்த்திகையில் நல்ல மழை. அனுமதிச் சீட்டு விஷயமாக யாரையோ பார்க்க வேண்டும் என்று அவர் புதுக்கோட்டைக்குப் பஸ்ஸில் போய்விட்டார். இரண்டு நாள் ஆகும் என்றார். ஏன், எதற்கு என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் வெயில் வந்ததும் கொட்டகைக்குப் போனேன். காருக்கடியில் தகர டப்பா விளிம்புவரை நிரம்பியிருந்தது. சாய்ந்து அடித்த மழையில் தண்ணீர் சேர்ந்து, எண்ணெய் சேறுபோல் கலங்கிக் கிடந்தது. அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. பலகையைத் தூக்கி விரலை விட்டேன். விரல் காய்ந்தபடி வெளியே வந்தது.

கியர் எண்ணெய் திருச்சியிலிருந்து வர வேண்டும். அவர் வந்ததும் அவசரச் சவாரி என்று வண்டியை எடுத்தால் ஏற்றத்தில் அது எப்படிக் கத்தும் என்று நினைத்தேன். புதுக்கோட்டையில் சீட்டு விஷயத்தை முடித்துக்கொண்டு வருகிற மனிதர் அந்தக் கத்தலைக் கேட்டால் போதும்.

ராக்காயி அக்கா வீட்டுக் கொல்லையில் நாலைந்து இலுப்பை மரம் உண்டு. அவர்கள் குடும்பம் வருஷா வருஷம் சிவன் கோயில் விளக்குக்கு எண்ணெய் கொடுக்கும். கெட்டியான எண்ணெய், கறுப்பு எண்ணெய்க்குப் பதிலாக அதுவே பரவாயில்லை என்று எனக்குத் தோன்றியது.

"வேதக்காரவுக வீட்டுல இலுப்பெண்ணெய் எதுக்கு டீச்சர்?" என்றாள் அக்கா.

"கை கால் வலிக்கி" என்றேன்.

"ஒனக்கா, அண்ணனுக்கா?"

"அவருக்குத்தான்."

முழுப் பொய் என்று சொல்ல முடியாது. அக்கா இரண்டு பாட்டில் கொடுத்தாள். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் இதை எந்தப் பாவத்தில் சேர்த்துச் சொல்வது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். அடுப்பில் லேசாகச் சூடு காட்டியதும் தேன் மாதிரி இளகியது. புனலை வைத்து ஊற்றினேன். பெட்டி குடித்துக்கொண்டே இருந்தது. விரலை விட்டேன், இரண்டாம் கணு வரை மஞ்சளாக நனைந்தது. மூடியைத் திருகும்போது சிலுவை போட்டுக்கொண்டேன்.

அவர் வந்தார். சவாரி போனார். சாயங்காலம் நான் உலையைப் பார்த்தபடி காதை ரோட்டில் வைத்திருந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. திடீரென்று வாசலில் கார் நிற்கிறது.

"டீச்சர், ஊளை நின்னு போச்சு" என்றார். அவர் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். முகத்தில் ஆச்சரியம்.

"அப்பிடியா?" என்றேன்.

அடுத்த மூன்று வாரமும் வண்டி பூப்போல ஓடியது. எனக்கு ராத்திரி நிம்மதியான தூக்கம். ஒன்று மட்டும் விளங்கவில்லை. ஊளை நின்ற மறுவாரம் அவர் பரணிலிருந்து தகரப் பெட்டியை இறக்கி, தூசி தட்டி, வெயிலில் காயவைத்தார். பூச்சி அரிக்காமல் இருக்கச் செய்கிறார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

குகை

மார்கழியில் ஒரு விடியற்காலை, விராலிமலையில் ஒரு குடும்பத்தை ஏற்றிக்கொண்டு திருச்சி ரயிலைப் பிடிக்க வேண்டும் என்று கிளம்பினார். நல்ல பனி. ஊர் ஏற்றம் தாண்டி நாலு மைல் போயிருக்கிறார். கியர் மாற்றக் கம்பி நகரவில்லை. பலமாகத் தள்ளினார். உள்ளே படாரென்று ஏதோ உடைந்து வண்டி நின்றுவிட்டது. விராலிமலைக் குடும்பம் ரயிலைத் தவறவிட்டது. கார் மாடு கட்டி வந்தது, அதை நீங்கள் முதலிலேயே பார்த்துவிட்டீர்கள்.

மறுநாள் காதர் பாய் வந்தார். அன்றுமுதல் பள்ளிக்கூடத்துக்குக் கிறிஸ்துமஸ் விடுமுறை. கொட்டகைக்கு வெளியே வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்தி, பலகைகளை எடுத்து, போல்ட்டுகளைக் கழற்றி, இருவரும் பெட்டியைத் தூக்கிக் கோணிச்சாக்கின் மேல் இறக்கினார்கள். பாய் மேல்மூடியைத் திறந்தார்.

உள்ளே எண்ணெய் இல்லை. வெளிர்மஞ்சளாக, வெண்ணெய் மாதிரி உறைந்த ஒன்று இருந்தது. அதற்குள் ஒவ்வொரு பல் சக்கரமும் தன்னைச் சுற்றித் தனக்கு மட்டும் ஒரு குகை குடைந்துகொண்டு, அந்தக் குகைக்குள் ஈரமே படாமல் காய்ந்துபோய் நின்றது. பனியில் உறைந்த எண்ணெய் பல்லைத் தேடி வரவில்லை. ஒரு சக்கரத்தில் மூன்று பல் உடைந்து அடியில் கிடந்தது.

பார்க்கப் பயங்கரமாகவும் ஒரு பக்கம் அழகாகவும் இருந்தது. ஒரு சின்ன மஞ்சள் வீட்டில் அறை அறையாகத் தூங்குகிற சக்கரங்கள். நான் அதிலேயே கண்ணை வைத்துக்கொண்டு நின்றேன்.

பாய் விரலில் தொட்டு மூக்கருகே கொண்டுபோனார். "இலுப்பெண்ணெய்" என்றார்.

என் வீட்டுக்காரர் எழுந்து நின்றார். "நீங்கதானே பாய் எண்ணெய் மாத்துனீங்க ஐப்பசியில?"

"நான் ஊத்துனது இது இல்ல."

"வேற யாரு இந்தப் பொட்டியத் தொறந்தா? டீச்சர் வெரல விட்டு அளவு பாக்குறதோட சரி, புது எண்ணெய் ஊத்துனது ஒங்க கை மட்டுந்தான். திருச்சி எண்ணெய்னு சொல்லி கோயில் எண்ணெய ஊத்திருக்கீங்க."

பாய் பதிலுக்குச் சத்தம் போடவில்லை. கையிலிருந்த ஸ்பேனரைத் துணியில் துடைத்துச் சாமான் பெட்டியில் வைத்தார். அடுத்த ஸ்பேனரை எடுத்துத் துடைத்தார். "பன்னெண்டு வருசமா வண்டியில கை வைக்கிறேன் டிரைவர். இப்பிடி ஒரு பேச்சு யாரும் பேசுனதில்ல. வேற ஆளப் பாத்துக்கங்க. நான் வாரேன்" என்றார்.

அவர் பெட்டியைப் பூட்டுகிற வரை நான் ஊமையாக நின்றேன் என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன். அவர் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு திரும்பியதும் என்னால் முடியவில்லை.

"பாய் ஊத்தலீங்க. நான்தான் ஊத்துனேன்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"டப்பாவுல மழத்தண்ணி சேந்துருச்சு. பொட்டி காஞ்சு கெடந்துச்சு. ராக்காயி அக்காகிட்ட வாங்கி ஊத்துனேன்."

"எதுக்கு ஊத்துன? என்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?" என்றார் அவர்.

"சத்தம் வந்துச்சு" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. சத்தம் வந்தால் நீங்கள் போய்விடுவீர்கள் என்று சொல்ல வேண்டிய இடம் அது. அம்மாவின் ஞாபகம் வந்து தடுத்தது.

காதர் பாய்தான் பேசினார். பெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்தார். "டீச்சரம்மா, வெளக்கெண்ணெய் ஊத்திருந்தாக்கூட பனிக்கு ஒறைஞ்சிருக்காது. தேடிப்பிடிச்சு ஒறையிறதா ஊத்திருக்கீங்க" என்றார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

என் வீட்டுக்காரர் சிரிக்கவில்லை. பாயின் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். "தப்பா பேசிட்டேன் பாய். மனசுல வச்சுக்காதீங்க" என்றார். பிறகு உள்ளே போய் அவரே டீ போட்டுக் கொண்டுவந்து பாய்க்குக் கொடுத்தார். எனக்குக் கொடுக்கவில்லை.

ஆஜர் எடுத்த நாட்கள்

புதுக்கோட்டையில் ஒரு கொட்டகைக்குப் பின்னால் இதே மாதிரிக் கார் ஒன்று மரம் முளைத்துக் கிடப்பதாகப் பாய்க்குத் தெரியும். அதன் பல் சக்கரங்களைக் கழற்றிவர அவர் போனார். அதுவரை எங்கள் பெட்டியைச் சுத்தம் செய்து வைக்க வேண்டும்.

முதல் இரண்டு நாள் என் வீட்டுக்காரர் என்னோடு பேசவில்லை. நான் இலுப்பெண்ணெயை வெந்நீர் ஊற்றி இளக்கி வழித்தேன். சக்கரம் சக்கரமாக மண்ணெண்ணெயில் கழுவினேன். ஒவ்வொரு பல்லுக்கும் இடையில் வேப்பங்குச்சியை விட்டுத் துடைத்தேன். கழற்றிய வரிசை மாறக்கூடாது என்று பழைய போர்வையை விரித்து, சாக்பீஸால் கட்டம் போட்டு, கட்டத்துக்குள் நம்பர் எழுதி ஒவ்வொன்றாக வைத்தேன். தினம் காலையில் ஒன்று முதல் இருபத்தேழு வரை எண்ணிப் பார்ப்பேன்.

மூன்றாம் நாள் அவர் பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை.

"ஆஜர் எடுக்கிறியா டீச்சர்?" என்றார்.

"ஒம்போதாம் நம்பர் லீவு" என்றேன். உடைந்த பல்லுக்காரன் அது.

அப்போதுதான் சிரித்தார். அதன்பிறகு இருவரும் அந்தப் போர்வையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தே நாளைக் கழித்தோம். வேப்பம்பழுப்பு சக்கரங்களின் மேல் விழும், எடுத்துப் போடுவோம். எந்தச் சக்கரம் எதோடு சேரும், எது சும்மா சுற்றும், எதைத் தள்ளினால் பின்னால் போகும் என்று அவர் கையில் சுற்றிக் காட்டுவார். பினாங்கு மழையைப் பற்றிச் சொல்வார். பேச்சு நின்றுவிட்டால் கையில் உள்ள சக்கரம் மட்டும் மெல்லச் சுற்றிக்கொண்டிருக்கும். கிறிஸ்துமஸ் காலைப் பூசையில் நற்கருணைக்குக் கைகூப்பியபோது என் நகமெல்லாம் கறுப்பு. பக்கத்தில் அவர் கையும் கறுப்பு. கல்யாணத்துக்குப் பிறகு வந்த அந்த நாற்பது நாளைவிட இந்த மூன்று வாரம்தான் எனக்குக் குடித்தனம். இதை அவரிடம்கூட நான் சொன்னதில்லை.

காதர் பாய் சாக்கில் சக்கரங்களோடு வந்தார். பழைய ஷாப்ட் தண்டில் புதுச் சக்கரம் ஏறியது. இரண்டு பேரிங் மாற்றினார். தோல் வளையத்தைச் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துப் புதிதாக வெட்டிவந்தார். மேல்மூடிக்கு அடியில் எண்ணெய் கசியாமல் வைக்கும் அட்டைக்குத்தான் பிரச்சினை. நான் பள்ளிக்கூடத்துப் பழைய வருகைப் பதிவேட்டின் மேலட்டையைக் கிழித்துக் கொடுத்தேன். அதைப் பெட்டியின் விளிம்பில் வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டத் தட்ட, விளிம்பின் வடிவத்திலேயே அட்டை வெட்டுப்பட்டு வந்தது. திருச்சியிலிருந்து வந்த கறுப்பு எண்ணெயை ஊற்றினார்கள்.

"டீச்சரம்மா, வெரல விட்டுப் பாருங்க" என்றார் பாய்.

விட்டேன். இரண்டாம் கணு வரை கறுப்பு.

விராலிமலை ரோடு

பொங்கலுக்கு முந்தின நாள் மத்தியானம், "வா, ஓட்டிப் பாத்துட்டு வருவோம்" என்றார். முன்சீட்டில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

ஊர் ஏற்றம் வந்தது. கிளச்சை மிதித்தார், நிறுத்தினார், மறுபடி மிதித்தார். கம்பி மூன்றாம் கியருக்குள் போனது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். ஊளை இல்லை. தூரத்தில் யாரோ தாலாட்டுவது போல மெல்லிய முனகல், அவ்வளவுதான். இருபக்கமும் வெயிலில் கடலைக் காடு நகர்ந்தது. ஒரு மயில் நடந்து ரோட்டைத் தாண்டும்வரை வண்டியை நிறுத்திக் காத்திருந்தார். இப்படியே போய்க்கொண்டே இருந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

பெரிய ரோட்டில் ஏறியதும் ஓரமாக நிறுத்தினார். என்ஜினை அணைக்கவில்லை.

"சத்தம் கேக்குதா?"

"கேக்கலீங்க" என்றேன். சந்தோஷத்தில் கண் கலங்கியது. ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

"நல்லதாப் போச்சு. இனி பத்து வருசத்துக்கு இதுக்கு ஒண்ணும் வராதுன்னு பாய் சொல்லிட்டாரு" என்றார். ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அன்னவாசல்ல பாய்க்குத் தெரிஞ்ச டிரைவர் ஒருத்தர் இருக்காரு, குடும்பஸ்தர். அவர ஓட்டச் சொல்லிருக்கேன். வண்டி ஒன் பேருல இருக்கும். நீ யாரையும் அண்டி நிக்க வேணாம்."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "நீங்க?"

"வர்ற வாரம் கப்பல் இருக்குல்ல."

அவர் கியர் கம்பியைத் தட்டிக் காட்டினார்.

"இது பாட்டுக்கு ஊளை விட்டுக்கிட்டுக் கெடந்துச்சு. இத ஒன் தலையில கட்டிட்டு எப்பிடிப் போறது? அதான் இவ்வளவு நாளா தட்டிக்கிட்டே போச்சு. கார்த்திகையில சத்தம் நின்னதும் சரி, கெளம்பிரலாம்னு தகரப் பொட்டிய எறக்குனேன். அதுக்குள்ள நீ ஊத்துன எண்ணெய் வேலையக் காட்டிருச்சு. இப்ப எல்லாம் சரியாயிருச்சு."

வெயிலில் ரோடு பளபளத்தது. எந்த ஊளையை நிறுத்த நான் கோயில் எண்ணெயைக் காய்ச்சி ஊற்றினேனோ, அந்த ஊளைதான் அவரை என் வீட்டில் பிடித்து வைத்திருந்தது. மூன்று வாரம் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து ஒவ்வொரு பல்லாகக் கழுவி, அவர் போவதற்கு நான்தான் வழி செய்து கொடுத்திருக்கிறேன். என்னைப்போல ஒரு மடச்சி உண்டா என்று இருந்தது. கோபம் வந்தது. அவர்மேல், அம்மாவைப் பேசிய சொந்தக்காரர்கள்மேல், என் வாயின்மேல்.

"போகாதீங்க" என்றேன்.

சொன்ன பிறகுதான் சொல்லிவிட்டேன் என்று தெரிந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். "என்ன சொன்ன?"

"அந்தச் சத்தம் கேட்டா நீங்க வெறுத்துப்போய்க் கப்பல் ஏறிருவீங்கன்னுதான் எண்ணெய் ஊத்துனேன். நீங்க இருக்கணும்னுதான் ஊத்துனேன்."

அவர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். பிறகு, "நான் போகணும்னுல்ல நீ நெனைக்கிறதா நெனச்சேன்" என்றார்.

"நான் எப்பங்க போகச் சொன்னேன்?"

"போகாதன்னும் சொல்லலயே. வந்த நாள்லேருந்து சொல்லலயே. அஞ்சு வருசம் தனியா இருந்து பழகிட்டா, நான் இருக்கறது இவளுக்குப் பாரம் போலன்னு நெனச்சேன்."

"கடலுக்குப் போறவுகளப் பாத்து அப்பிடிச் சொல்லக்கூடாதும்பாங்க."

"போனாத்தானே அது பலிக்கும்?" என்றார்.

மறுபடி வாய்க்குப் போன கையை எடுத்துக் கீழே வைத்தேன். அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். தோள் மட்டும் தெரிந்தது.

"இன்னொரு தடவ சொல்லு" என்றார், திரும்பாமலே.

"போகாதீங்க."

"சரி" என்றார்.

பின்னால் வந்த திருச்சி பஸ் விலகச் சொல்லி ஹார்ன் அடித்தது. அவர் வண்டியை உடனே எடுக்கவில்லை.